அமைதி விடுதியில் எண்ணெய் தேய்த்தவள்

எண்ணெய் தேய்க்கிற வேலையில் சம்பளம் கைக்குத்தான், முகத்துக்கு இல்லை. ஆனாலும் முகம் கொஞ்சம் வாடினால் முதல் ஏச்சு முகத்துக்குத்தான் விழும்.

யுத்தம் நடந்த வருசங்களில் கண்டிக்கு மேலே மலையில் இருந்த ஒரு ஆரோக்கிய விடுதியில் நான் வேலை செய்தேன். மன அமைதி தேடி வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். எண்ணெய்க் குளியல், இலைக்கஞ்சி, மூச்சுப் பயிற்சி, பேசாவிரதம் எல்லாம் உண்டு. அவர்களுக்கு நிம்மதி உண்டாக்குகிற கை என்னுடையது. என் நிம்மதியோ கீழே டவுனில், ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தது. அதுதான் என் புருசன் யோகன். நான் மலையகத்துக்காரி, அவர் யாழ்ப்பாணம். அவருடைய அடையாள அட்டையிலும் பிறந்த இடம் அப்படியேதான் இருந்தது. நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் கண்டியில் முதலில் பிடித்து டிரக்கில் ஏற்றுவது அந்த மாதிரி அட்டைக்காரர்களைத்தான். காலையில் போன மனுசன் பொழுதுபட்டால் வருவாரா என்பதுதான் எனக்கு நாள் முழுக்க யோசனை. வீட்டு ஆளை வெளியே அனுப்பிவிட்டு வேலையிடத்தில் பல்லைக் காட்டி நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ரெண்டு கை

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஆளின் மேலே கையை வைத்துவிட்டால், முடிகிற வரைக்கும் ரெண்டு கையையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. ஒரு கை எண்ணெய் தொடப் போனால் மற்றக் கை உடம்பிலேயே இருக்க வேண்டும். கண்ணை மூடிக் கிடக்கிற ஆளுக்கு அந்தக் கைதான் தைரியம்.

மார்த்தா என்று ஒரு ஜெர்மன்காரி வந்திருந்தாள். வருசக்கணக்காகத் தூக்கமில்லையாம், பாவம். அன்றைக்குத்தான் என் கைக்குக் கீழே முதல்முதலாகக் கண் சொருகியிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் சமையல் குசினி ரேடியோவில் கொழும்பில் குண்டு வெடித்த செய்தி. குண்டு என்றால் அடுத்தது சுற்றிவளைப்பு. ஐயோ, இவர் அச்சகத்தில் இருக்கிறாரா, சாப்பிட வெளியே போய்விட்டாரா என்று நினைத்ததுதான் தெரியும். ரெண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். மார்த்தா திடுக்கிட்டு எழும்பி உட்கார்ந்துவிட்டாள். ஏச்சுத்தான் விழப்போகிறது என்று நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"உன் ரெண்டு கையும் என்னை விட்டுப் போய்விட்டன. எங்கே போயின?"

பேசாவிரதம்

விரதம் இருப்பவர்கள் மூன்று நாளைக்கு யாரோடும் பேசமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு நெட்டை மனுசனைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போக என்னை அனுப்பினார்கள். வழியில் சோதனைச் சாவடி. வேனை நிறுத்திய ஆமிக்காரப் பையன் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். இந்த மனுசன் ரெண்டு கையையும் கூப்பிச் சிரிக்கிறார். மறுபடி கேட்டான். மறுபடி சிரிப்பு. பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. இறக்கி வைத்து விசாரித்தால் அடுத்து என் அட்டை, அதில் இருந்து என் புருசன் பெயர், ஊர் என்று நூல் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே!

"அவர் சில் எடுத்திருக்கிறார், மல்லி" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னேன். போயா என்கிற பௌர்ணமி நாளில் விகாரைக்கு வெள்ளை உடுத்திப்போய் விரதம் இருப்பதைத்தான் அவர்கள் சில் என்பார்கள். பையனுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த மனுசனைப் பார்த்து மரியாதையாகத் தலையைக்கூட ஆட்டினான். பிறகு என் அட்டையை வாங்கிப் பெயரை வாசித்தான். அவன் முகம் கொஞ்சம் மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது. சிங்களத்தில் சொன்னான்:

"அவர் பேசாமல் இருக்கலாம் அக்கா, நீங்கள் பேசத்தான் வேணும்."

இலைக்கஞ்சி

ஒரு முறை ஊரடங்குச் சட்டம் போட்டு மரக்கறி லொறி வரவில்லை. தோட்டத்தில் வல்லாரையும் முருங்கையும்தான் மிச்சம். மூன்று நேரமும் இலைக்கஞ்சி. விருந்தாளிகளுக்கோ புல்லரித்துவிட்டது. உடம்பு லேசாகிவிட்டது, மனசு தெளிந்துவிட்டது என்று ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானோ டெலிபோனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். யோகன் அச்சகத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு வழியாக லைன் கிடைத்தபோது, "பயப்பிடாதையும், நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். "ஓம் ஓம்" என்றார். அந்த ரெண்டாவது ஓமில் பொய் தெரிந்தது.

எங்கள் சமையல்காரி நலீமா ராத்தா, பக்கத்துக் கெலிஓயா ஊர்க்காரி. வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு அவளும் இங்கேதான் அடைபட்டிருந்தாள். கஞ்சியைக் கிண்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"கர்ஃபியு போட்டா இவங்களுக்கு அது வைத்தியம் புள்ள, நமக்குத்தான் பட்டினி."

கோபத்தை விடும் பாடம்

கடைசியில் அந்த நாளும் வந்தது. காலையில் அச்சக முதலாளி போன் பண்ணினார். யோகனை வேறு சில பேரோடு டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். நான் ஒரு ஆளின் நெற்றியில் எண்ணெய்த் தாரை விட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தக் கூடாத வைத்தியம் அது. ராத்தாதான் வந்து விசயத்தைக் காதில் சொல்லி, என் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டாள். விடுதியை நடத்துகிற அம்மா குமாரி நோனா பலாமரத்தடியில் எல்லாரையும் கண்மூட வைத்து, கோபத்தை மூச்சோடு வெளியே விடச் சொல்லிக்கொண்டிருந்தார். சிங்களப் பெண்மணி, குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் போய் நின்ற நிலையைப் பார்த்தார். கண்மூடியிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு வேனில் ஏறினார்.

பொலிஸில் உட்காருகிற வாங்கு முழுக்கப் பெண்கள். உள்ளே நோனா பதவிசாகத்தான் ஆரம்பித்தார். அங்கிருந்த பெரிய அதிகாரி தலை நிமிரவே இல்லை, நாளைக்கு வரச் சொன்னார். அதற்குப் பிறகு நோனா மேசையில் அடித்தார் பாருங்கள், தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது. இந்தப் பிள்ளையின் புருசனை எனக்குத் தெரியும், அவன் வராமல் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன் என்று கத்திய கத்தில் ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொழுதுபடுகிற நேரம் யோகன் வெளியே வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. நான் அந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன். "வாரும், போவம்" என்றார்.

வேனில் ஏறப்போனபோது வாங்கில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை என் சேலையைப் பிடித்தாள். தம்பி உள்ளேயாம். "அக்கா, உங்கட நோனாவ எனக்காகவும் ஒருக்காக் கத்தச் சொல்லுங்கோவன்" என்றாள். நான் அதைச் சிங்களத்தில் நோனாவிடம் சொன்னேன். அவருக்குத் தொண்டை ஏற்கெனவே கட்டியிருந்தது. இந்த நேரத்தில் விடுதியில் விருந்தாளிகள் மாலை வகுப்புக்குக் காத்திருப்பார்கள் என்று டிரைவர் மெல்ல ஞாபகப்படுத்தினான். நோனா ஏறிய வேனிலிருந்து இறங்கி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி அந்தப் படியில் ஏறினார். திரும்பிப் பார்த்து அவனிடம் சொன்னார்:

"கோபத்தை விடுகிற பாடம் நாளைக்கு என்று சொல்லு. இன்றைக்கு அது எனக்கு வேணும்."

மூச்சை அடக்கப் பழக்குகிற இடத்தில் அத்தனை வருசம் சம்பளம் வாங்கியும், எனக்கு ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்ததென்றால், அது ஒரு மனுசி மூச்சுப் பிடித்துக் கத்திய அன்றைக்குத்தான்.