மஞ்சள் துணி கட்டிய சேவல்

காலை 7.10. சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு தோள்பை, தின்று எழுத வேண்டியவற்றின் பட்டியல், கல்லையும் செரிக்கும் என்று ஊரெல்லாம் நான் பீற்றிக்கொண்டிருந்த வயிறு. பட்டியலில் முதலாவது தட்டுவடை செட். வெளியே ஒரு கடையில் கேட்டேன்.

“காலங்காத்தால தட்டுவடையா? அது சாயங்காலத் தீனிங்க. இப்ப இட்லி தின்னுட்டுப் போங்க” என்றார் கடைக்காரர்.

தெருவுக்கு நாலு இட்லிக்கடை இருக்கும் சென்னையிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்து, நாற்பது ரூபாய்க்கு நாலு இட்லி தின்ற ஆராய்ச்சியாளன் நான்.

10.30. சங்ககிரி வழியாகத் திருச்செங்கோடு வந்து, அங்கிருந்து நாமக்கல் சாலையில் டவுன் பஸ்ஸில் ஏழு கிலோமீட்டர். வழியெல்லாம் போர்வெல் போடும் ரிக் லாரிகள், கோழிப்பண்ணைகள். நான் போன வீடு, அலுவலக நண்பர் ஒருவரின் சித்தப்பா பழனிச்சாமியின் வீடு. இருபது வருஷம் ரிக் வண்டியில் ஓடி, அதன் இரைச்சலுக்குப் பாதிக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவர். இப்போது கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்.

அவர் மனைவி சரஸ்வதியக்கா கம்மங்கூழும் சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். கூழ் ஊற்றும்போதும் அவருடைய இடது கை இடுப்பில் செருகியிருந்த செல்போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. யாரிடமிருந்து எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“பையனுங்க, மோகன். சத்தீஸ்கர்ல ரிக்ல இருக்கறான். பண்ணையப் பாருடான்னு அவங்கப்பா சொன்னதுக்குச் சண்டை கட்டிட்டுப் போனவன். இருவத்திரண்டு நாளாச்சுங்க, போனே வல்லை. நாம கூப்புட்டாலும் எடுக்கறதில்ல.”

பழனிச்சாமி எங்கள் முகங்களைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொண்டார். “அவன் கூப்புட்டா மட்டும் எனக்குக் கேக்கவா போவுது?” என்று சொல்லி, தானே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மரியாதைக்கு நான் கொஞ்சம் சிரித்தேன்.

11.15. மதியத்துக்கு என்ன வேண்டும் என்று அக்கா கேட்டார். பட்டியலைப் பார்த்துப் பள்ளிப்பாளையம் சிக்கன் என்றேன்.

“அது கடைக்காரன் வெச்ச பேருங்க. ஊட்ல செஞ்சா வறுத்த கோழி, அவ்வளவுதான். பண்ணையில ரெண்டு புடிச்சுட்டு வாரேன்.”

“ஐயோ, பண்ணைக்கோழி நான் தொடறதில்லைங்க” என்றேன். ஞாயிறு தவறாமல் தெருமுனைக் கடையில் அதைத்தான் வாங்குகிறேன். பயணத்தில் மட்டும் எனக்கு நாக்கு நீண்டுவிடும். வாசலில் ஒரு சேவல் நடந்துகொண்டிருந்தது. கருஞ்சிவப்பு, நல்ல மிடுக்கு, ஒரு காலில் மஞ்சள் துணி. அடையாளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். “இந்த மாப்பிள்ளை சும்மாதானே இருக்காரு?” என்றேன், வேடிக்கையாக.

அக்காவின் கை போனிலேயே நின்றது. “ஏனுங்க, அது...” என்று ஆரம்பித்தார்.

“விருந்தாளி வாயத் தொறந்து கேட்டுட்டாருல்ல? போயி மொளகா கிள்ளு” என்றார் பழனிச்சாமி. இது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. அக்கா சேவலைப் பிடித்து, காலிலிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, சேவலை அவர் கையில் கொடுத்தார்.

1.20. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில், மேலே மினுங்கும் நல்லெண்ணெய். ருசியைச் சொல்லப்போவதில்லை. இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கினேன் என்பது மட்டும் போதும். கை துடைத்துத் துடைத்து என் வெள்ளைக் கைக்குட்டை மஞ்சளாகிவிட்டது. அப்போதுதான், “நீங்க சாப்பிடலையாக்கா?” என்று கேட்கத் தோன்றியது.

“நான் எப்பிடிங்க திங்கறது? அது முனியப்பனுக்கு நேந்துவுட்ட சேவலுங்க. மோகன் போன் பண்ணுனதும் கோயல்ல அறுக்கறதா வேண்டியிருந்தேன்.”

என் வாயில் தொடை எலும்பு. வெளியே எடுப்பதா, உள்ளே தள்ளுவதா?

“என்ன சொல்றா? காரம் பத்தலையாமா? இன்னும் ரெண்டு துண்டு போடு” என்றார் பழனிச்சாமி. ஆனால் அவர் இலையிலும் கறி வைத்தபடியே கிடந்தது.

2.45. திருச்செங்கோட்டுக்கு ஓடினேன். கோழி வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, “சண்டைக்குங்களா, சட்டிக்குங்களா?” என்றார். சாமிக்கு என்றேன். விலை உடனே நூறு ரூபாய் ஏறியது. ஆயிரத்து இருநூறு. திரும்பும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சேவலைப் பார்த்து, “இவருக்கு அரை டிக்கெட்டா, முழுசா?” என்றார். நான் இறங்கும் வரை பஸ்ஸே சிரித்தது.

4.10. அக்கா சேவலைத் தடவிப் பார்த்தார். நல்ல சேவல் என்றார். வாங்கிக்கொள்ளவில்லை.

“நேந்தது அதுங்க. குஞ்சுலருந்து அவன் தீனி போட்டு வளர்த்தது. இது நீங்க வாங்குனது. உங்களுக்கு என்ன வேண்டுதலோ அதுக்கு உடுங்க.”

திட்டியிருந்தால் தேவலை. பை எடுத்துக் கிளம்பும்போது பழனிச்சாமி மிச்சக் கறியைச் சூடுபண்ணி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். “ஊட்ல இருந்தா அவ அதையே பாத்துட்டு உக்காந்திருப்பா. கொண்டுட்டுப் போங்க” என்றார், என் முகத்தைப் பாராமல்.

அக்கா கூடவே சாலை வரை வந்து, ஒரு தாளைக் கையில் திணித்தார். “எங்க நம்பர்னா எடுக்க மாட்டேங்கறான். உங்க நம்பர்ல கூப்புட்டா எடுப்பானோ என்னமோ. இப்ப வேண்டாமுங்க, அவரு பாத்துட்டிருக்காரு. பஸ்ஸேறிக் கூப்புடுங்க.”

5.00. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் முனியப்பன் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேவலை அங்கே கொண்டுபோனேன். துணி இல்லை. கைக்குட்டையை எடுத்து அதன் காலில் கட்டினேன். மஞ்சளில் நனைக்க வேண்டிய வேலையும் இல்லை, முதல் சேவலே நனைத்துக் கொடுத்திருந்தது. சாமியிடம் சிபாரிசுக்குப் போனால் இப்படியா போவார்கள்! அந்தப் பையன் போனை எடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, சேவலை விட்டேன்.

5.40. சேலம் பஸ். எங்கள் தெருக்கடையில் கோழி தோலுரித்து, எடை போட்டு, கறுப்புப் பையில் வரும். அது யாருக்கு நேர்ந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அந்த வசதியை இத்தனை நாள் ருசி இல்லாதது என்று எழுதிக்கொண்டிருந்தேன். சேலத்தில் தட்டுவடைக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேருவேன். பசி இல்லை. மடியில் டப்பா இன்னும் சூடாக இருந்தது.

மோகனின் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. ஒரு பெண்குரல் இந்தியில் ஏதோ சொன்னது. எனக்கு இந்தி தெரியாது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் அழுத்தினேன்.