தேய்ந்துபோன ஆறு எண்கள்

குழாய், கதவுக் கைப்பிடி, ஆஸ்பத்திரித் தட்டு என்று எது வந்தாலும் முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் பாலிஷ்காரர்தான். அழுக்கோடு ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

அவருடைய அப்பா கிடங்கு ஒன்றில் காவலாளியாக இருந்தவர். சாகும்போது ஒரு துப்பாக்கியையும் அதன் லைசென்சையும் விட்டுப்போனார். அந்த ரகத்தை இனி யாரும் வைத்திருக்கக் கூடாது என்று இந்த வருடம் சட்டம் வந்தது. மாதக் கடைசிக்குள் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினால் வழக்கு இல்லை. கெடு தாண்டி வீட்டில் அகப்பட்டால், அங்கே குடியிருக்கும் பெரியவர்கள் அத்தனை பேர் மேலும் வழக்கு. அவருடைய மனைவி அந்த அறிவிப்பை மூன்று முறை சத்தமாக வாசித்தாள்.

பாலிஷ்காரரோ, இன்றைக்கு நாளைக்கு என்று கடைசி நாள் வரை இழுத்தார். அன்று காலை பரணிலிருந்து எடுத்தால் ஒரே துரு. தோட்டா இல்லையென்று பார்த்துக்கொண்டு, கொல்லைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பாலிஷ் போடும் சக்கரத்தில் பிடித்தார். அரை மணி நேரத்தில் வெள்ளிபோல் மின்னியது.

மூன்று மணிக்கு இருவரும் காவல் நிலைய வரிசையில் நின்றார்கள். ஏட்டு லைசென்சில் இருந்த ஆறு இலக்க நம்பரைப் பார்த்தார், துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்கய்யா?"

"இங்கதான் சார் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா? எந்திரிச்சு நடந்து போயிடுச்சா?"

"ரொம்பத் துரு சார். அப்படியே கொடுக்கக் கூச்சமா இருந்துச்சு. சக்கரத்துல வச்சு லேசா..."

"பொண்ணு பாக்கவா கூட்டிட்டு வந்தீங்க, இப்படி அலங்காரம் பண்ணி!"

வரிசையே சிரித்தது. ஏட்டுதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"திருடினவன்தாங்க நம்பரை அழிப்பான். இது தனி கேஸு. லைசென்ஸ் நம்பர் ஒத்துப்போகாம நான் ரசீது போட முடியாது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இன்ஸ்பெக்டர் நாளைக்கு வருவார்."

"நாளைக்குக் கெடு முடிஞ்சிடுமே சார்! வழியில யாராவது பிடிச்சா?"

"பிடிக்கத்தான் செய்வாங்க."

மனைவி அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனாள்.

"வீட்டுல ஒரு டம்ளரத் தேய்ச்சுத் தந்திருப்பீங்களா இத்தனை வருஷத்துல? அதைப் போய்க் கண்ணாடியாக்கி வச்சிருக்கீங்களே! வாங்க, பாலத்துலேருந்து வீசிட்டுப் போயிடலாம்."

"ஸ்டேஷன் நோட்டுல அப்பா பேர்ல எழுதி வச்சிருக்கான். எங்கேன்னு கேட்டா?"

"காணோம்னு சொல்லுவோம்."

"யாரு நம்புவா?" என்றார் அவர். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாலரை ஆகியிருந்தது. ஐந்து மணிக்கு மேசையை மூடிவிடுவார்கள். எடுத்துப் போனாலும் குற்றம், எறிந்தாலும் குற்றம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில்தான் முட்டியது. வீட்டில் அகப்பட்டால் அவளையும் அல்லவா சேர்த்துக் கொண்டுபோவார்கள் என்று நினைத்தார். மறுபடி மேசைக்குப் போனார்.

"நான்தான் அழிச்சேன்னு எழுதிக் கொடுக்கறேன் சார். வாங்கிக்குவீங்களா?"

ஏட்டு பேனாவை மூடினார். "எழுதினா அதுவே உங்களுக்கு எதிரா நிக்கும். புரியுதா?"

"ரசீது கிடைக்குமா?"

"நம்பர் இல்லாதது ஒண்ணு, இன்ன தேதியில ஒப்படைச்சார்னு போடலாம். ஆனா நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது. மத்ததை இன்ஸ்பெக்டர்தான் சொல்லணும்."

"அந்த ரசீது இருந்தா வீட்டுல தேட வருவாங்களா?"

"தேட என்ன இருக்கு? பொருள்தான் இங்க இருக்கே."

"அப்ப காகிதம் கொடுங்க சார்."

எழுதிப் பழக்கமில்லாத கை. நான்கு வரிக்குக் கால் மணி நேரம் பிடித்தது. 'திருடுவதற்காக இல்லை' என்று எழுதிய இடத்தில் இரண்டு தடவை அடித்துத் திருத்தினார். ஏட்டு முத்திரை குத்தி ரசீதை நீட்டினார். அவர் அதை மனைவி கையில் வைத்தார்.

"இதைக் காட்டினா உங்களை விட்டுடுவாங்களா?"

"தெரியல. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நீ கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. ஏட்டு துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே இருந்த பெஞ்சைக் காட்டினார். பாலிஷ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.