நாலாவது சேர்

பிளாஸ்டிக் ஒட்டுகளை இழுத்தும் வளைத்தும் உடைத்தும் பார்த்து, எவ்வளவு தாங்கும் என்று எழுதிக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை. எனக்கு முன்பே இந்த வேலையைச் சித்தூரில் எங்கள் நைனா செய்து பார்த்திருக்கிறார். சோதனைக்கு வைத்த பாரம் நான்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. நைனாவின் தங்கையைப் பெண் பார்க்கத் திருப்பதியிலிருந்து வருகிறார்கள். வீட்டில் இருந்ததே நாலு சிவப்பு பிளாஸ்டிக் சேர். அதில் ஒன்றுக்குப் பின்கால் முறிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் சேர் கேட்டால் சங்கதி வெளியே போய்விடும் என்று, நைனா இரண்டு டியூப் பசையைக் கலந்து காலை ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டார். பிறகு அரிசி மூட்டையைப் பதமாக இறக்கி வைத்தார். தாங்கியது. என்னை உட்கார வைத்தார். அதுவும் தாங்கியது. அம்மா மட்டும் நம்பவில்லை. மெதுவாக வைக்கிற பாரம் வேறு, பொத்தென்று விழுகிற பாரம் வேறு என்று இன்றைக்கு நான் நைனாவுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பேன். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது என்பதற்கு இன்னொரு மணி நேரம்.

வருகிறவர்கள் மூன்று பேர்தான், நல்ல சேரும் மூன்று. ஆனால் ஒட்டியதை உள்ளே ஒளித்துவைக்க நைனாவுக்கு மனசு வரவில்லை. அத்தனை பெருமை! "இதுமேல நீ குந்திக்கினே இரு. யார் வந்தாலும் எழுந்துக்காதே," என்று என்னை அதில் உட்கார வைத்தார்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மா அப்பாவும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு என் பக்கத்துச் சேர். மிக்சர் தட்டை வைத்துவிட்டு அத்தை எங்களுக்குப் பின்னால் போய் நின்றாள். நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் ஆனா படிப்பு எதுக்கு? நிறுத்திடலாம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை மிக்சர் மென்றபடி தலையாட்டினார். நைனாவும் தலையாட்டினார். அத்தையை யாரும் கேட்கவில்லை.

"சரி, ஜெபம் பண்ணிடலாம்," என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். எல்லாரும் எழுந்தோம், நானும்தான். யார் வந்தாலும் எழுந்துக்காதே என்று சொன்ன நைனா, ஜெபத்தை மறந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு உட்கார்ந்துகொண்டிருக்க முடியுமா? பஸ்ஸில் பத்திரமாகக் கொண்டுவந்த கிருபைக்கு ஸ்தோத்திரம் என்று தொடங்கிய ஜெபம் முடிகிற வழியாக இல்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தை சத்தமில்லாமல் என் சேரைத் தூக்கி மாப்பிள்ளைக்குப் பின்னால் வைத்துவிட்டு, அவருடையதை என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

ஆமென். மாப்பிள்ளை பொத்தென்று உட்கார்ந்தார். படார்! "ஏமி லேது, ஏமி லேது," என்று தரையில் கிடந்தபடியே ஒன்றுமில்லை என்பதைத் தெலுங்கில் சொன்னார். "நாங்க சகுனமெல்லாம் பாக்கறவங்க இல்ல," என்றபடியே அவருடைய அம்மா செருப்பை மாட்டினார்.

அவர்கள் போனதும் நைனா என் முதுகில் ஒன்று வைத்தார். "உன்னை யாருடி எழுந்துக்கச் சொன்னது?" அத்தை சேரை மாற்றியதைச் சொன்னால், ஜெபத்தில் கண் திறந்ததையும் சொல்ல வேண்டும். அதற்கு அம்மாவிடம் தனியாக விழும். பாவம், அத்தை என்னவோ தெரியாமல் மாற்றிவிட்டாள் என்றும் நினைத்தேன்.

உள்ளே அத்தை தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்கே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவி, "அழாதே அத்தை, வேற மாப்பிள்ளை வருவாரு," என்றேன். தோள் இன்னும் பலமாகக் குலுங்கியது.