கேட்காமல் போட்ட பெயர்

கனடாவிலிருந்து லீவில் வந்த மனிதர் தலை நிமிர்ந்துதானே நடப்பார்? பேர்னாட் வெள்ளவத்தையில் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். அண்ணன் மகள் சாமினியின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கவென்று மனைவி டோரின் அவரைக் கொட்டாஞ்சேனையிலிருந்து இழுத்து வந்திருந்தாள். அந்தச் சேலைக் கடைக்கு நேர் எதிரே தாஸிம் ஹாஜியாரின் மின்சாமான் கடை. அங்கே பதினொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் இந்தப் பேர்னாட்.

ஒளிய வேண்டிய காரியத்தைத்தான் செய்திருந்தார். போன வருஷம் டொரன்டோவில் போய் இறங்கிய கையோடு வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். தாளின் அடியில், நம்மைப் பற்றி விசாரிக்கவென்று, உறவினரல்லாத இரண்டு பேரின் பெயரைப் போடுவோமே, கொழும்பில் அவர்களை யார் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்? ஒரு குருவானவர், ஒரு முதலாளி, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவோம். பேர்னாட்டும் அப்படியே ஹாஜியாரின் பெயரையும் கடை டெலிபோன் நம்பரையும் போட்டார். மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதோடு விட்டாரா? ஸ்டோர் கீப்பர் என்று எழுதக் கூசி, மானேஜர் என்று எழுதிவைத்தார். அட பாவி மனுஷா!

அந்த ஊரில் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். ‘எப்போது தொடங்கலாம்’ என்று கேட்டிருந்த கொம்பனி, விசாரித்த பிறகு வேலை இல்லை என்றுவிட்டது. இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். ஊரார் கேட்டால் ஒபிஸ் வேலை என்பார்.

“பேர்னாட் தானே?”

டோரின் சேலைக் கடைக்குள் போய்விட்டிருந்தாள். பஸ்களுக்கு நடுவே கையைக் காட்டி நிறுத்தி, காலிக்குப் போகும் வீதியைக் கடந்து ஹாஜியாரே வந்துவிட்டார். கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போய் இருத்தி, தேத்தண்ணி வரவழைத்தார். ஏசப்போகிறார் என்று பேர்னாட் காத்திருந்தார்.

“மகன், ஒரு வருஷமா எனக்கு மனசு சரியில்ல. கனடாவில இருந்து ஒரு பொம்பள கோல் எடுத்தா. பேர்னாட் உங்கட மானேஜரா எண்டு கேட்டா. இல்ல, மானேஜர் என்ட மகன் ஷிப்லி, பேர்னாட் ஸ்டோர் கீப்பர் எண்டுட்டேன். தங்கமான ஆள், சாவிக்கொத்த அவர்ட கையில குடுத்துட்டுத்தான் ஹஜ்ஜுக்குப் போனேன் எண்டும் சொன்னேன். பிறகுதான் யோசிச்சேன், அவசரப்பட்டு உங்கட வேலையக் கெடுத்துட்டேனோ எண்டு. மன்னிச்சுக்கங்க மகன்.”

மன்னிப்பாம்! பேர்னாட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. ‘வேற நல்ல வேலை கிடைச்சது’ என்று சொல்லித் தப்பிவிட வாய் ஒருமுறை உன்னியது. ஹாஜியாரின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை.

“பிழை என்னிலதான், ஹாஜியார். மானேஜர் எண்டு நான்தான் பொய் எழுதினனான். உங்களிட்ட ஒரு சொல்லுக் கேக்கவுமில்ல. இப்ப கோப்பை கழுவுறன்.”

அடுக்கியிருந்த மின்விசிறிப் பெட்டிகளைப் பார்த்தார் ஹாஜியார்.

“என்ட கடையில ஸ்டோர் கீப்பரா இருந்தேன் எண்டு சொல்ல உங்களுக்கு அவ்வளவு வெக்கமா, மகன்?”

கோப்பை கழுவும்போதுகூட பேர்னாட் இப்படிக் குறுகிப்போனதில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

“டொரன்டோவில ஒரு களஞ்சியத்தில வேலை இருக்கெண்டாங்கள்,” என்றார் கடைசியில். “ஸ்டோர் கீப்பர் எண்டே எழுதுறன். உங்கட பேரைப் போடலாமா, ஹாஜியார்?”

“போடுங்க. கடை நம்பர் மாறிட்டு, எழுதிக்கங்க.”

ஹாஜியார் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்ல, பேர்னாட் தலை நிமிராமலே எழுதிக்கொண்டார்.