காது அறுந்தவளைக் கண்ட தாய்

கோட்டாறு மைமூன் பீவி பாய் விற்றுப் பிழைத்தவள். கணவன் இறந்தபின் தலையில் பாய்க்கட்டும் கையில் ஒரே மகன் பாவாவுமாக ஊர் ஊராக நடந்தாள். 1931 ஆடியில், வடசேரிச் சந்தையில் அந்த மகன் காணாமல் போனான். அவனுக்கு எட்டு வயது. பாம்படத்தின் பாரம் இழுத்துக் காது அறுந்த ஒருத்தி அவனுக்குப் பொரிகடலை வாங்கிக் கொடுத்ததைக் கடைக்காரர் பார்த்திருந்தார்.

“நாடகக்காரங்க பின்னால ஓடியிருப்பான்” என்றார் புகாரைக் கேட்ட இன்ஸ்பெக்டர்.

அதே மாதம் முட்டத்தில் ஒரு சிறுவன் மறைந்தான். கடல் கொண்டது என்றார்கள். ஒழுகினசேரி முத்துநாயகத்தின் இளைய மகள், பன்னிரண்டு வயது பகவதி மறைந்தாள். குளம் கொண்டது என்றார்கள். இரண்டு உடலும் ஒதுங்கவில்லை. கடலுக்கும் குளத்துக்கும் ஒரே நேரத்திலா பசி எடுக்கும்? மைமூனின் நெஞ்சு ஒப்பவில்லை.

பாய் விற்கும் சாக்கில் பகவதியின் தாய் தாணம்மாளைப் போய்ப் பார்த்தாள். கொல்லைப்புறத்தில் அவள் தோளில் சாய்ந்து தாணம்மாள் விம்மினாள். “அக்கா, அண்ணைக்கு ஒருத்தி குடிக்க வெள்ளம் கேட்டு வந்தா. காது அறுந்தவ. பகவதிதான் கோரிக் குடுத்தா.”

மைமூன் காவல் நிலையத்துக்கு ஓடினாள். இன்ஸ்பெக்டர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்த அம்மா வந்து சொல்லட்டும். ரெண்டும் ஒரே ஆளு வேலைன்னு மலைத் தோட்டமெல்லாம் தேடச் சொல்லுதேன். நீ சொன்னா மட்டும் போதாது.”

வெற்றி பெற்றவள்போலத் திரும்பி வந்தாள், பேதை!

“ஏட்டி தாணம்மா, அவளைக் கண்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

“மெதுவாப் பேசுங்கக்கா. மூத்தவளுக்குத் தையில கல்யாணம்.”

“உம் பிள்ளை உசிரோட இருக்கா, மக்கா!”

“குளத்துல செத்தான்னா அழுதுட்டுப் போவாங்க. எவளோ கொண்டுபோனான்னா, எங்க இருந்தா, யாருகூட இருந்தான்னு கேப்பாங்க. பொறவு மூத்தவளை எவன் கெட்டுவான்? அவ உடம்புக்குப் பதிலா தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சாச்சு.”

“பெத்த வயிறாட்டி இது?”

உள்ளிருந்து முத்துநாயகத்தின் குரல் வந்தது. “பாய் வேண்டாம்னு சொல்லி அனுப்பு. பிள்ளையைத் தொலைச்சவளுக்கு, ஊர்ல உள்ள சாவெல்லாம் களவாத் தெரியுது!”

இன்ஸ்பெக்டர் அழைத்துக் கேட்டபோதும் தாணம்மாள் தலை நிமிரவில்லை. “நான் யாரையும் காணல்ல.” விசாரணை அத்தோடு நின்றது.

தையில் நாதசுரம் முழங்கக் கல்யாணம் நடந்தது. மாசியில் தாணம்மாள் கோட்டாறு வந்து நின்றாள். “இப்பம் சொல்லுதேன் அக்கா.” இருவரும் போனார்கள். அவளும் சொன்னாள். போலீஸ்காரர்கள் கீரிப்பாறை மலை ஏறினார்கள்.

ஒரு தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் அடையாளம் கிடைத்தது. காது அறுந்தவள் அங்கே பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்தாளாம். பாவா என்றொரு பையன் காய்ச்சலில் கிடந்தபோது பகவதி என்ற பெண்தான் கஞ்சி ஊட்டினாளாம். பொங்கல் கழிந்ததும் எல்லோரையும் கிழக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

நிலைய வாசலிலேயே தாணம்மாள் மைமூனின் காலில் விழுந்து கதறினாள். மைமூன் குனியவில்லை, காலை மட்டும் இழுத்துக்கொண்டாள்.

“எந்திரி. மூத்தவ சொகமா இருக்காளா? இளையவளுக்கு ஆடியில திதி வருமே, விட்டுராம குடு. நீ எரிச்ச பிள்ளை, செத்தவளாவே இருக்கட்டும்.”