முழங்கைக் குங்குமம்

எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கண் இமையைத்தான் பார்ப்பார்கள். மூக்கு, முழி, நிறமெல்லாம் அப்புறம். மூக்கோரம் இமைமேல், கடலைப்பருப்பை நசுக்கி ஒட்டினதுபோல மஞ்சளாக ஒரு தடிப்பு இருந்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரிதான். அதற்கு லட்சுமிப் பொட்டு என்று பெயர். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இருந்தது. நைனாவின் அக்காவான என் அத்தைக்கு இருக்கிறது. நான் காலேஜ் முடிக்கிற சமயத்தில் என் வலது இமையிலும் லேசாகத் தலைகாட்டியது. அத்தை அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கி, என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"பொன்ன யாருனா வெளிய குடுப்பாங்களா? எம் புள்ளைக்குத்தான் இவ" என்றாள்.

அவள் மகனுக்கும் இமையில் மஞ்சள் இருந்தது. எனக்கு அவரை முன்பே பிடித்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் வேலையை இமை மிச்சப்படுத்திக் கொடுத்தது. சின்ன வயதில் மாமா என்று கூப்பிட்டேன், கல்யாணத்துக்குப் பிறகும் மாமாதான்.

லட்சுமி இத்தனை பேர் முகத்தில் உட்கார்ந்திருந்தும் எங்கள் ஆண்கள் ஏன் தலை நரைக்கும் முன்பே போகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. என் நைனா வேர்க்கடலைக் கொல்லியில் மண்வெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வெயில் அடித்துவிட்டது என்றார்கள். அவருடைய நைனா போனபோது காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்களாம். இரண்டு பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதை மட்டும் எல்லோரும் தவறாமல் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே இரண்டு முழங்கையிலும் மஞ்சள் புடைப்பு வந்தது. பிறகு குதிகாலுக்கு மேலே வந்தது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்முளுக்கெல்லாம் கண்ணோட நின்னுட்டா. இவளுக்குப் பாரு, உடம்பு பூரா வந்து குந்திக்கினு கீறா!"

வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையைக் குளிப்பாட்டி, அந்த முழங்கைகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். பிள்ளையும் கையை மடக்கிக்கொண்டு சாமி மாதிரி நிற்கும். எனக்குச் சிரிப்பாக வரும். பெருமையாகவும் இருக்கும், அதை மறைப்பானேன்.

மாமா மினி லாரி ஓட்டுகிறவர். மகள் நாலாம் வகுப்பு படித்த வருஷம் மாங்காய்ப் பருவத்தில், பங்காருபாளையம் மார்க்கெட் வாசலில் பெங்களூரா மாங்காய் லோடோடு வரிசையில் நின்றிருந்தபோது ஸ்டியரிங்மேல் சாய்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் சித்தூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி வந்ததும் நான் மகளை இழுத்துக்கொண்டு விஜயபுரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மாள் "மலைக்கா?" என்று கேட்டாள். திருப்பதி பஸ்ஸில் வேறு என்னத்தைக் கேட்பாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் வார்டுக்கு வந்த டாக்டரம்மா ஈ.சி.ஜி.யைப் பார்ப்பதற்கு முன் அவர் இமையைப் பார்த்தார். பிறகு என் இமையைப் பார்த்தார்.

"மீரு பந்துவுலா?" என்று தெலுங்கில் கேட்டவர், "சொந்தத்துல கட்டினீங்களாம்மா?" என்று தமிழிலும் கேட்டார்.

"அத்த மகன்தான் மேடம். இது எங்க வம்சத்துக்கே உண்டு, லட்சுமிப் பொட்டு. எம் பொண்ணுக்குத்தான் நெறைய" என்று மகளின் கையை மடக்கி அவரிடம் நீட்டினேன்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. முழங்கையில் குங்குமம் அப்படியே இருந்தது. டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு மெதுவாக அதைத் துடைத்தார். அடியிலிருந்த புடைப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். குதிகாலையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"இது கொழுப்பும்மா. ரத்தத்துல தாங்கமுடியாத அளவுக்குச் சேர்ந்து வெளிய வந்திருக்கு. ரத்தக் கொழுப்ப உள்ள வாங்கிக்க ஈரல்ல வாசல் மாதிரி இருக்கும். அத எப்படிக் கட்டணும்னு சொல்றது மரபணு. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு வரும். உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. பாப்பாவுக்கு ரெண்டுமே பழுதா வந்திருக்கும்னு நெனைக்கிறேன். இதயத்துல எவ்வளவு தூரம் போயிருக்குன்னு உடனே பாக்கணும்."

மார்க்கெட்டில் கேட்டைத் திறக்காவிட்டால் மாங்காய் லாரிகள் ரோடு வரைக்கும் தேங்கி நிற்கும். அப்படித்தான் என்று புரிந்துகொண்டேன். எங்களுக்குப் பாதிக் கேட் திறந்திருக்கிறது. என் பிள்ளைக்கு எந்தக் கேட்டும் திறக்கவில்லை.

இருட்டறையில் அவள் நெஞ்சில் பசை தடவி ஸ்கேன் வைத்தார்கள். திரையில் அவள் இதயம் தெரிந்தது. பூட்டிய வீட்டுக்குள் யாரோ ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பதைச் சன்னல் வழியே பார்த்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. சின்னச் சின்னக் கதவுகள் திறந்து மூடின. நான் தூங்கியபோதும், கடலை பிடுங்கியபோதும், இவளைத் திட்டித் தீர்த்தபோதும் அது இப்படியே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பயமாக இருந்தது. ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை. எந்தக் காலத்திலோ, பேர்கூடத் தெரியாத எங்கள் முன்னோர் ஒருவர் உடம்பில், எந்தக் கண்ணுக்கும் தெரியாத ஓர் இடத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது கைமாறிக் கைமாறி வந்து என் நைனாவைக் கொல்லியில் உட்கார வைத்தது, மாமாவை மாங்காய் லோடுக்கு முன்னால் சாய்த்தது. பொன் வெளியே போகக்கூடாது என்று நாங்கள் ஆசை ஆசையாய் உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டோம். இரண்டு வழியாகவும் வந்த அது இந்தத் திரைக்குள் ஒன்று சேர்ந்திருக்கிறது. மனசுக்குள் அத்தையைத் திட்டப் பார்த்தேன், முடியவில்லை. இவ்வளவு சின்னதும் இவ்வளவு பெரியதுமான ஒன்றின் முன்னால் யாரைத் திட்டுவது?

"படிய ஆரம்பிச்சிருக்கு. ஆனா அடைப்பு இல்ல" என்றார் டாக்டரம்மா. "சீக்கிரமே கண்ணுல பட்டுது. மருந்த மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது. ஆயுசுக்கும்."

மரபணுச் சோதனையும் அவர் சொன்னதையே சொன்னது. மாத்திரை, அதோடு ஊசி. ஊசிக்கு முதலில் அழுத பிள்ளை இப்போது தானே சட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள். மாமாவும் நானும் மாத்திரை போடுகிறோம். அத்தை மட்டும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள், மறுத்தும் பேசவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக் குங்குமத்தை நிறுத்தவில்லை. நானும் தடுக்கவில்லை.

மருந்து ஆரம்பித்து இரண்டு வருஷம் கழித்து, போன வெள்ளிக்கிழமை அத்தை குங்குமச் சிமிழோடு வாசல் வெளிச்சத்துக்குப் போய், பேத்தியின் கையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதானடி இருந்துச்சு. தடவுனா ஒண்ணும் தட்டுப்படல. வைக்க எடமே இல்லியே" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "லட்சுமி நம்ம வூட்ட வுட்டுப் போய்க்கினு கீறாடி."

நான் பிள்ளையின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற மாதிரி, கறுத்துச் சொரசொரப்பாக, வெறும் முழங்கையாகத்தான் இருந்தது.

"போவட்டும் அத்த" என்றேன். "நல்லாப் போவட்டும்."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளிக்கூட பஸ் ஹார்ன் அடித்தது. "நெத்தியில வெய் ஆயா, நேரமாவுது" என்று பாட்டியிடம் தலையை நீட்டினாள்.