கிளிஞ்சல் மணியம்மாள்

உரலில் இடித்த கிளிஞ்சல் தூளை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுக்கொள்கிறாள் மணியம்மாள். பல்லில் நறநறவென்று பட்டால் துப்பிவிட்டு மறுபடி உலக்கையைத் தூக்குகிறாள். மாவு மாதிரி நாக்கில் படிந்தால்தான் அது தவிட்டுக்குள் போகும். சுண்ணாம்புக் காளவாயில் வந்து இறங்கும் கிளிஞ்சலில் உடைந்ததையெல்லாம் கூடையில் அள்ளி வருகிறவள் அவள்தான். வழியில் யாராவது வெற்றிலைக்கா என்று கேட்டால், "பன்னிக்கு" என்று நின்று நிதானமாகப் பதில் சொல்வாள். கேட்டவர்தான் கொஞ்சம் ஒதுங்கிப் போவார்.

ஓரிக்கைக்குப் போகிற சாலையோரம், பாலாற்று மணல் தொடங்குகிற இடத்தில் அவளுடைய பன்றிப் பட்டி. ஐம்பதை நெருங்கும் வயது, கட்டை குட்டையான உடம்பு, கணீரென்ற குரல். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கிற நடையில் ஊரே தன்னுடையது என்கிற தோரணை. எதிரில் வருகிற யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டாள், காலைப் பார்ப்பாள். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கல்யாணக் கூட்டத்தில் மாப்பிள்ளையைக் காட்டி, "இந்தப் புள்ள சின்ன வயசுல கஞ்சியே குடிச்சிக்கினு வளந்திருக்குது, முட்டி இடிக்குது பாரு" என்று அவன் காதில் விழும்படி சொல்லியிருக்கிறாள். வாய்க்கு வேலி கிடையாது.

கஞ்சியின் மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம். காரணம் இருக்கிறது. அரசுப் பண்ணையிலிருந்து அவளுக்கு ஒரு வெள்ளைச் சீமைப் பன்றியைக் கொடுத்தார்கள். அது ஈனுகிற குட்டிகளில் கால் திடமான இரண்டு பெட்டைகளைப் பண்ணைக்குத் திருப்பித் தரவேண்டும். முடியாவிட்டால் தாயைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாட்டுப் பன்றிகளைத் தெருவில் மேயவிட்டே பழகியவளுக்கு இந்த வெள்ளைக்காரியைச் சாக்கடைப் பக்கம் விட மனசு வரவில்லை. பட்டிக்குள் அடைத்து ராஜ உபசாரம் செய்தாள். நெசவுக்காரர்கள் இருக்கிற பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி போடுவார்கள் அல்லவா, அதில் மீந்த கஞ்சியைக் குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினாள். முதல் ஈற்றுக் குட்டிகள் பூசணிக்காய் மாதிரி உருண்டன. பால் மறந்த கொஞ்ச நாளில் பின்னங்கால்கள் துவண்டன, முட்டிகள் வீங்கின.

மணியம்மாள் யோசித்தாள். துவண்டு கிடக்கிற பட்டு நூல் கஞ்சி பட்டால் விறைத்து நிற்கிறதே, குட்டியின் கால் மட்டும் நிற்காதா? இன்னும் கெட்டியாக, இன்னும் நிறைய ஊற்றினாள். நெசவுக்காரி அம்சவேணி பரிதாபப்பட்டு இதற்கென்றே தனியாக ஒரு பானை காய்ச்சிக் கொடுத்தாள். நாள் தவறாமல் பாவுக்குக் கஞ்சி போடுகிற ஊரில் இந்த யோசனை தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை. சதை ஏற ஏறக் கால்கள் இன்னும் மடிந்தன. கடைசியில் ஒவ்வொன்றையும் இடுப்பில் தூக்கி வந்து தொட்டியில் வாய் வைக்கவிட்டாள். ஒன்றுகூடத் தேறவில்லை. மணியம்மாள் அழுததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

கால்நடை டாக்டர் திருஞானசம்பந்தம்தான் வந்து விளக்கினார். கஞ்சி சதையைத்தான் வளர்க்கும், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அது கிளிஞ்சலில் இருக்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து இருந்தாலும் சுண்ணாம்பு சேராமல் அது எலும்பில் ஏறாது. மண்ணைக் கிளறித் தின்னும் நாட்டுப் பன்றி தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும், அடைத்து வைத்ததற்கு நாம்தான் தரவேண்டும், அதுவும் தாய் சினையாக இருக்கும்போதே தொடங்கவேண்டும் என்றார். அளவு மீறினால் தோல் வெடித்துப் பொருக்குத் தட்டும் என்றும் எச்சரித்தார். பண்ணையில் சொல்லி இன்னும் ஒரே ஒரு ஈற்றுக்குத் தவணை வாங்கித் தந்ததும் அவர்தான்.

அவள் மறுபேச்சில்லாமல் ஒருவர் சொன்னதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அடுத்த மாதமே அவர் சொன்னது அவள் சொந்தச் சரக்காகிவிட்டது. டாக்டர் சைக்கிளில் போனால் அவரையே நிறுத்தி, "வெறும் தவுடு போட்டா எலும்பு வெக்காது டாக்டரே, தெரிஞ்சிக்கங்க" என்பாள். அவரும் சிரிக்காமல் தலையாட்டுவார். கிளிஞ்சல் தூளைக் கொட்டாங்கச்சிக் கரண்டியால் அளப்பது அவள் மட்டும்தான். புருஷன் கோதண்டபாணி தெரியாமல் அதைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும்.

போன வாரம் டாக்டர் பண்ணை வண்டியோடு வந்தார். இரண்டாம் ஈற்றுக் குட்டிகளை ஒவ்வொன்றாக நடக்கவிட்டுப் பார்த்தார். மணியம்மாள் குட்டிகளின் கால்களையே பார்த்தபடி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். குனிந்து முட்டிகளைத் தடவிப் பார்த்த டாக்டர், இரண்டு பெட்டைகளைக் காட்டி இவை போதும் என்றார். தாய் இனி உங்களுடையதுதான் அம்மா என்றும் சொன்னார். வண்டிக்காரன் ஒரு குட்டியின் வயிற்றுக்கடியில் கை கொடுத்தான்.

"தூக்காதப்பா" என்றாள் மணியம்மாள். "கீழ வுடு. அது நடந்து ஏறும்."

ஒரு பலகையை இழுத்து வந்து வண்டியின் பின்பக்கம் சாய்த்தாள். குட்டிகள் மோந்து பார்த்து, தயங்கி, ஏறத் தொடங்கின. பாதியில் முன்னால் போன குட்டிக்குக் கால் வழுக்கியது. வண்டிக்காரன் தாங்கப் போனான். மணியம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டு, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.